நாவ்லி தேர்வுக் கேள்விகளை எழுதுவது யார்?

சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவராக இருக்கும் ஒரு தம்பி கேட்டது இது: "அமெரிக்காவில் தொழில் செய்ய நாவ்லி எழுத வேண்டும் என்கிறார்கள். அந்தக் கேள்விகளை யார் எழுதுகிறார்கள்? பேராசிரியர்களா, ஏதாவது கம்பெனியா? வெளிநாட்டில் படித்தவர்களைக் கழித்துவிடத்தான் கஷ்டமாகக் கேட்கிறார்கள் என்பது உண்மையா?"

வேலை பார்க்கும் கால்நடை மருத்துவர்கள்தான் எழுதுகிறார்கள். கழித்துவிட அல்ல. ஆனால் இப்படி ஒரு வரியில் சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை, அதனால் ஒரு கேள்வி எப்படிப் பிறக்கிறது, யார் யார் கையில் அடிபடுகிறது, எப்போது அது மதிப்பெண்ணாக மாறுகிறது என்று முழுதாகவே சொல்கிறேன். நான் சில வருடங்களாக உரிமத் தேர்வுக்குக் கேள்வி எழுதும், சரிபார்க்கும் குழுக்களில் இருந்து வருகிறேன். ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருப்பதால் எந்த உண்மையான கேள்வியையும் இங்கே சொல்ல மாட்டேன். அதற்குப் பதிலாக இந்தப் பதிலுக்காகவே ஒரு கேள்வியைப் புதிதாக எழுதி, அதை உடைத்துக் காட்டுகிறேன்.

முதலில் அடிப்படை. அமெரிக்காவிலும் கனடாவிலும் கால்நடை மருத்துவ உரிமம் பெற எழுத வேண்டிய பொதுத் தேர்வு நாவ்லி. 2000-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இது வந்தது. அதற்கு முன்பு அறிவைச் சோதிக்க ஒரு தேர்வும், நோயாளியைக் கையாளும் திறனைச் சோதிக்க இன்னொரு தேர்வும் தனித்தனியாக இருந்தன, இரண்டையும் சேர்த்து கணினி வழித் தேர்வாக்கினார்கள். நடத்துவது ஐ.சி.வி.ஏ. என்கிற லாப நோக்கில்லாத அமைப்பு. தேர்வுத் தொழில்நுட்பத்தில் அதற்குத் துணை நிற்பது ஃபிலடெல்பியாவில் உள்ள என்.பி.எம்.இ., அதாவது மனித மருத்துவர்களுக்கான யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வின் பின்னால் இருக்கும் அதே அமைப்பு. மொத்தம் 360 கேள்விகள். 60 கேள்வி கொண்ட ஆறு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 65 நிமிடம். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதலாம். 200 முதல் 800 வரையான அளவுகோலில் 425 எடுத்தால் தேர்ச்சி.

நம் ஊர் பி.வி.எஸ்சி. பட்டத்தோடு வருபவர்களுக்கு இதோடு இன்னொரு பாதையும் உண்டு, வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் ஈ.சி.எஃப்.வி.ஜி. அல்லது பேவ் என்ற திட்டங்களில் ஒன்றின் வழியாகப் பட்டத்தின் தகுதியை நிரூபிக்க வேண்டும். ஆங்கிலம், அடிப்படை மற்றும் மருத்துவ அறிவியல் தேர்வு, கடைசியில் உயிருள்ள விலங்குகளோடு செய்முறை. அது தனிக் கதை, பணச் செலவும் அதிகம், இங்கே அதற்குள் போகவில்லை. நாவ்லியைப் பொறுத்தவரை அமெரிக்கக் கல்லூரியில் படித்தவரும் நீங்களும் ஒரே தரத்துக்குத்தான் எழுதுகிறீர்கள். திருத்தும் கணினிக்கு உங்கள் கல்லூரியின் பெயர் தெரியாது.

சரி, எழுதுபவர்கள் யார்? நாய் பூனை பார்க்கும் சிறு மருத்துவமனைக்காரர், விஸ்கான்சின் பக்கம் பால் பண்ணை பண்ணையாக அலைபவர், குதிரை மருத்துவர், கோழிப் பண்ணை நிறுவன மருத்துவர், கல்லூரியில் கண் மருத்துவமோ மயக்க மருந்தியலோ கற்பிப்பவர், பொதுச் சுகாதாரத் துறையில் இருப்பவர் என்று கலவையாக இருப்பார்கள். இப்படிக் கலக்க வேண்டியதற்குக் காரணம், கால்நடை மருத்துவ உரிமம் என்பது ஒன்றே ஒன்று. மனித மருத்துவத்தில் ஒரே ஓர் இனம்தான். நமக்கு ஒரே உரிமத்தில் நாயும் வரும், மாடும் வரும், ஆடு, பன்றி, கோழி, அல்பாகா, கிளி, ஆமை, மீன் எல்லாம் வரும். இத்தனையும் தெரிந்த ஒரு மனிதர் கிடையாது. அதனால் ஒவ்வொரு இனத்துக்கும் தெரிந்தவர்கள் தேவை, அவர்கள் எழுதியதை அந்த இனமே பழக்கமில்லாத இன்னொருவர் வாசித்து "இது எனக்குப் புரிகிறதா" என்று பார்க்கவும் தேவை.

எதைக் கேட்பது என்பதை எழுதுபவர் தன் விருப்பத்துக்கு முடிவு செய்ய முடியாது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை தொழிலில் இருப்பவர்களிடம் பெரிய கணக்கெடுப்பு நடத்துவார்கள்: புதிதாக வேலைக்கு வரும் மருத்துவர் எந்த இனத்தை, எந்த நோயை, எவ்வளவு அடிக்கடி பார்க்கிறார், தெரியாமல் போனால் எவ்வளவு ஆபத்து. அதிலிருந்துதான் எந்த இனத்துக்கு எத்தனை கேள்வி என்ற வரைபடம் வருகிறது. நாய் பூனைக்கு அதிக எடை, அடுத்து குதிரையும் மாடும். ஏறக்குறைய 70 சதவீதம் நேரடி மருத்துவப் பணி, மீதியில் நோய்த் தடுப்பு, விலங்கு நலன், உரிமையாளரோடு பேசுவது, தொழில் ஒழுக்கம். இன வாரியான நோய்ப் பட்டியலை ஐ.சி.வி.ஏ.யே பொதுவில் வெளியிட்டிருக்கிறது, இன்னும் பார்க்கவில்லை என்றால் இன்றே பாருங்கள். எருமையைப் பற்றி நமக்கு இருக்கும் அறிவுக்கு இங்கே இடமில்லை என்பது எனக்கு வருத்தம்தான், ஆனால் அயோவாவில் வேலைக்குச் சேரும் புதியவர் எருமையைப் பார்க்கப் போவதில்லை, வரைபடம் அந்த உண்மையைத்தான் காட்டுகிறது.

இப்போது கேள்விக்கு வருவோம். தலைப்பு: மாட்டில் பால் காய்ச்சல், அதாவது கன்று ஈன்றதை ஒட்டி இரத்தத்தில் கால்சியம் குறைந்து மாடு படுத்துவிடும் நோய். நம் ஊரில் படித்த ஒருவர் முதலில் எழுதக்கூடியது இப்படி இருக்கும்: "பால் காய்ச்சல் குறித்துக் கீழ்க்கண்டவற்றுள் எது தவறானது?" நாமெல்லாம் இந்த வகைக் கேள்வியில் வளர்ந்தவர்கள். குழுவில் இது முதல் நிமிடத்திலேயே விழும். மாடு கண் முன் படுத்துக் கிடக்கும்போது எந்த மருத்துவரும் "எது தவறான வாக்கியம்" என்று யோசிப்பதில்லை, என்ன செய்வது என்றுதான் யோசிக்கிறார்.

அதனால் நோயாளியிடமிருந்து தொடங்க வேண்டும். "ஆறு வயது ஜெர்சி மாடு. 12 மணி நேரத்துக்கு முன் உதவியில்லாமல் கன்று ஈன்றது. இப்போது எழ முடியாமல் நெஞ்சை ஊன்றிப் படுத்திருக்கிறது, தலையை விலாப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறது. காதுகள் சில்லென்று இருக்கின்றன. உடல் வெப்பம் 37.2 டிகிரி செல்சியஸ், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 92, ஒலி மெலிதாகக் கேட்கிறது. முதலில் செய்ய வேண்டிய சிகிச்சை எது?" விடைகள்: ஐ.வி. கால்சியம் (இரத்தநாளம் வழியாக ஏற்றுவது), ஐ.வி. டெக்ஸ்ட்ரோஸ், ஐ.வி. கால்சியம்-மக்னீசியம் கலவை, ஆன்டிபயாடிக்கோடு வலி-அழற்சி மருந்து, ஆழமான படுக்கை போட்டு அடிக்கடி புரட்டிவிடுவது.

பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது? இப்போது இதைக் குழுவின் மேசையில் வையுங்கள். பால் பண்ணை மருத்துவர் உடனே கை தூக்குவார்: "என் வண்டியில் இருக்கும் பாட்டிலில் கால்சியம், மக்னீசியம், பாஸ்பரஸ், டெக்ஸ்ட்ரோஸ் எல்லாம் கலந்தே வருகிறது, நான் அதைத்தான் போடுவேன். மூன்றாவது விடை எப்படித் தவறாகும்?" அவர் சொல்வது சரி. இரண்டு சரியான விடை உள்ள கேள்வி செத்த கேள்வி. அந்த விடையை எடுக்க வேண்டும். அடுத்து மருத்துவவியல் பேராசிரியர்: "கடுமையான மடிநோய் நச்சுத்தன்மையிலும் மாடு படுத்துவிடும், வெப்பம் இறங்கும், துடிப்பு ஏறும். மடியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே?" அதுவும் சரி. "மடியின் நான்கு காம்புகளிலும் பால் இயல்பாக உள்ளது" என்று ஒரு வரி சேர வேண்டும், அது வந்தால்தான் ஆன்டிபயாடிக் விடை நியாயமாகத் தவறாகும். குதிரை மருத்துவர், பல வருடமாக மாட்டைத் தொடாதவர், "எனக்கு இதில் டெக்ஸ்ட்ரோஸ் யாரையும் இழுக்காது என்று படுகிறது" என்பார். இது கவனிக்க வேண்டிய இடம். தவறான விடை என்பது இடத்தை நிரப்ப வைப்பது இல்லை. அரைகுறையாகத் தெரிந்த ஒருவர் உண்மையிலேயே தேர்ந்தெடுக்கக் கூடியதாக அது இருக்க வேண்டும். அப்போது யாரோ சொல்வார்: "வாய்வழி கால்சியம் வையுங்கள்." அருமையான யோசனை. நோயைச் சரியாகக் கண்டுபிடித்தவர்கூட, நின்றுகொண்டிருக்கும் மாட்டுக்குத்தான் அது பொருந்தும், படுத்துவிட்ட மாட்டுக்கு வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு, இந்த நிலையில் ஐ.வி.தான், அதுவும் இதயத்தைக் கேட்டுக்கொண்டே மெதுவாக, என்று தெரியாவிட்டால் அங்கே வழுக்குவார். அந்த வழுக்கல் தேர்வறையில் நடக்கட்டும், பண்ணையில் வேண்டாம். இதற்குத்தான் இவ்வளவு பாடும்.

அதன் பிறகு மொழி திருத்துபவர்கள். வெப்பநிலை ஃபாரன்ஹீட்டிலும் செல்சியஸிலும் இருக்கிறதா, மருந்து பொதுப் பெயரில் இருக்கிறதா, சரியான விடை மட்டும் மற்றவற்றைவிட நீளமாக இருந்து தன்னைக் காட்டிக் கொடுக்கிறதா, கேள்வியில் வந்த சொல்லே ஒரு விடையிலும் வந்து துப்புக் கொடுக்கிறதா, பண்ணைக்காரர்களின் வட்டாரப் பேச்சு ஏதும் நுழைந்திருக்கிறதா. இந்தக் கடைசி விஷயம் உங்களைப் போன்றவர்களுக்கு நேரடியாக உதவுவது. டெக்சாஸ் பேச்சுவழக்கு தெரியாததால் ஒருவருக்கு மதிப்பெண் போகக்கூடாது என்று குழுவில் கவலைப்படுவார்கள், கேள்வி நோயை அளக்க வேண்டும், இங்கிலீஷ் வட்டாரச் சொல்லை அல்ல. ஒரு நாட்டில் மட்டும் செல்லும் சட்டத்தின் மேல் விடை நிற்கிறதா என்பதையும் இப்படித்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் கனடாக்காரரும் அதே தேர்வை எழுதுகிறார்.

இவ்வளவு கடந்தும் கேள்வி உடனே மதிப்பெண்ணுக்கு வராது. நான் சொன்ன 360-ல் 300-க்குத்தான் மதிப்பெண். மீதி 60 சோதனை ஓட்டத்தில் இருக்கும் புதுக் கேள்விகள், எது எது என்று தேர்வு எழுதுபவருக்குத் தெரியாது. ஒரு பகுதியில் மூன்று கேள்வி தலைகீழாக இருந்தால் அதற்காகக் கலங்காதீர்கள், அவை கணக்கிலேயே வராதவையாக இருக்கலாம். அந்தச் சோதனையில் இரண்டு எண்களைப் பார்ப்பார்கள். எத்தனை பேர் சரியாகப் போட்டார்கள் என்பது ஒன்று. மொத்தத் தேர்வில் நன்றாகச் செய்தவர்கள் இந்தக் கேள்வியிலும் நன்றாகச் செய்தார்களா என்பது இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. மேலே இருப்பவர்கள் தவறாகவும் கீழே இருப்பவர்கள் சரியாகவும் போட்டிருந்தால் எங்கேயோ கோளாறு: விடைக் குறிப்பே தப்பாக இருக்கலாம், நன்றாகப் படித்தவருக்கு மட்டும் தெரிகிற இரண்டாவது சரியான விடை ஒளிந்திருக்கலாம். அப்போது கேள்வி திரும்ப நிபுணர்களிடமே வரும். எண் ஒரு கேள்வியைக் குற்றவாளி என்று காட்டும், ஆனால் ஏன் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அதைச் சொல்ல மாட்டைத் தொட்டவர்தான் வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட அந்தக் கழித்துவிடும் விஷயம். முதல் இத்தனை பேர் தேர்ச்சி, மீதி வெளியே என்று பங்கு பிரிக்கும் தேர்வு இது இல்லை. நீட் மாதிரி இடத்துக்கான போட்டி இங்கே கிடையாது. எல்லாரும் கோட்டைத் தாண்டினால் எல்லாரும் தேர்ச்சி. அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதையும் நிபுணர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். தொழில்முறை உரிமத் தேர்வுகளில் இதற்குப் பரவலாகப் பயன்படும் வழி ஆங்கஃப் முறை. வில்லியம் ஆங்கஃப் என்பவர் 1971-ல் எழுதிய கட்டுரை ஒன்றிலிருந்து வந்தது, அதற்குப் பின் பல திருத்திய வடிவங்கள் வந்துவிட்டன. ஒரு குழு கால்நடை மருத்துவர்களை உட்காரவைத்து, "உரிமம் கொடுக்கலாம் என்று சொல்லும் அளவுக்கு மட்டும், அதற்கு ஒரு முடியளவும் மேலே இல்லாமல், தெரிந்த 100 பேரை நினைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கேள்வியை அவர்களில் எத்தனை பேர் சரியாகப் போடுவார்கள்?" என்று கேட்பார்கள். ஒருவர் 80 என்பார், இன்னொருவர் 55 என்பார். பேசுவார்கள். உண்மையான தேர்வில் எத்தனை பேர் போட்டார்கள் என்ற எண்ணைக் காட்டிய பின் மறுபடி மதிப்பிடுவார்கள். எல்லாக் கேள்விக்கும் எல்லாருடைய மதிப்பீட்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் கோடு எங்கே விழுகிறது என்று தெரியும்.

சொல்ல எளிது, செய்ய மிகக் கஷ்டம், அதுவும் பெரிய நிபுணர்களுக்கு. இருபது வருடம் இதயநோய் மட்டுமே பார்த்தவருக்கு எக்கோவில் தெரியும் நுணுக்கமான மாற்றம் "இதுகூடத் தெரியாமலா" என்று தோன்றும். அவர் தன் துறையில் எல்லாருக்கும் 95 போடுவார், அடுத்த அறையில் எலும்பு முறிவுக் கேள்விக்கு 40 போடுவார், ஏனென்றால் அது அவருக்கே மறந்துவிட்டது. அந்த நேரத்தில் குழுவில் ஊர்ப்புற மருத்துவமனையில் புது மருத்துவர்களை வேலைக்கு எடுத்துப் பழகிய ஒருவர் இருக்க வேண்டும். "போன ஜூனில் சேர்ந்த பெண்ணுக்கு இது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, அவள் மேலே அனுப்பிவிடுவாள், அதுவே சரி. ஆனால் வயிறு முறுக்கிய கிரேட் டேனை எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு நாளை வாருங்கள் என்று அனுப்பினால் நாய் இரவுக்குள் செத்துவிடும், அது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்" என்று அவர் சொல்லும்போதுதான் அறையில் எல்லாருக்கும் எதை அளக்கிறோம் என்பது திரும்ப நினைவுக்கு வரும். உரிமத் தேர்வுக்குத் தேவையான நிபுணத்துவம் இதுதான் என்று நான் நம்புகிறேன். எவ்வளவு தெரியும் என்பதைவிட, தனியாக நோயாளியின் முன் நிற்கும் முதல் வாரத்தில் எது தெரியாவிட்டால் விலங்குக்கோ மனிதருக்கோ ஆபத்து என்று பிரித்துச் சொல்லத் தெரிவது. பேரறிவாளர்கள் பலருக்கு அது வருவதில்லை. இரவு பன்னிரண்டு மணிக்குப் போன் எடுக்கும் சாதாரண மருத்துவர்கள் பலருக்கு இயல்பாக வருகிறது.

நம் நாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, அங்கீகரித்த பட்டம் இருந்தால் மாநில மன்றத்தில் பதிவு செய்து தொழில் தொடங்கலாம். தனி உரிமத் தேர்வு இல்லை. அதாவது உங்கள் பல்கலைக்கழகத் தேர்வுதான் நடைமுறையில் உரிமத் தேர்வு. அந்த வினாத்தாளை எழுதுபவருக்குக் கேள்வி எழுதும் பயிற்சி பெரும்பாலும் தரப்படுவதில்லை, தேர்வு முடிந்தபின் எந்தக் கேள்வி எப்படி வேலை செய்தது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதும் அரிது. அது ஆசிரியர்களின் குறை இல்லை, அதற்கான ஏற்பாடே இல்லை. நமக்கும் ஒரு நாடு தழுவிய உரிமத் தேர்வு வேண்டுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு, பயிற்சி மையங்களுக்கு இன்னொரு வாசல் திறந்துவிடும். ஆனால் ஐந்து மருத்துவர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரு கேள்வியை அடித்துத் திருத்தும் பழக்கம் எந்தச் சட்டமும் இல்லாமல் நாளைக்கே எந்தத் துறையிலும் தொடங்கலாம். நாமக்கல்லில் கோழிக்கும் ஒரத்தநாட்டில் மாட்டுக்கும் அந்த ஆட்கள் இருக்கிறார்கள், துறைக்கு வெளியே களத்தில் இருக்கும் உதவி மருத்துவர்களையும் அதில் சேர்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

இங்கே அமெரிக்காவில் உரிமம் வாங்கி நாலைந்து வருடம் ஆன நம் ஆட்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து கேள்வி எழுத விண்ணப்பியுங்கள். பெரிய பணம் எதுவும் வராது, மாலை நேரங்கள் போகும், முதலில் எழுதும் கேள்விகளில் பெரும்பகுதி திரும்பி வரும். ஆனால் ஆடு, கோழி, ஒட்டுண்ணி, வெறிநோய் என்று நாம் கையால் பார்த்து வளர்ந்தது இங்கே பலர் புத்தகத்தில் மட்டும் பார்த்தது. தேர்வுப் பயிற்சி நிறுவனங்களில் வகுப்பு எடுப்பவர்கள் மட்டும் இதில் சேர முடியாது, ஒரே ஆள் கேள்வியையும் எழுதி அதற்குப் பயிற்சியும் விற்கக்கூடாது என்பது தேர்வு உலகில் பொதுவான விதி. கால்நடை மருத்துவத் தொழில்நுட்பர்களுக்கான வி.டி.என்.இ. தேர்வுக்கும் இதே மாதிரி ஆட்கள் வேண்டும், அதை நடத்துவது கால்நடை மருத்துவ உரிம வாரியங்களின் கூட்டமைப்பான ஏ.ஏ.வி.எஸ்.பி.

தம்பிக்கு, படிப்பது பற்றி இரண்டு விஷயம். பயிற்சிக் கேள்வி போடும்போது விடைகளைக் கையால் மறைத்துவிட்டு, கேள்வியை மட்டும் படித்து உங்கள் விடையைச் சொல்லிப் பாருங்கள். நன்றாக எழுதிய கேள்வி என்றால் பெரும்பாலும் சொல்ல முடியும், ஏனென்றால் எழுதுபவர்களுக்கு நாங்கள் சொல்லும் முதல் சோதனையே அதுதான். சொல்ல முடியவில்லை என்றால் அந்த நோயைத் திரும்பப் படியுங்கள், விடைகளை வைத்துக் கழித்துக் கழித்து வருவதில் உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, வாட்ஸ்அப் குழுக்களில் "போன தடவை வந்த கேள்விகள்" என்று சுற்றும் பைல்கள். அவற்றைத் திறக்காதீர்கள், அனுப்பாதீர்கள். தேர்வுக் கேள்வியை நினைவில் வைத்து வெளியே சொல்வது தேர்வு எழுதும் முன் நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனையை மீறுவது, மதிப்பெண்ணே ரத்தாகலாம். அந்த பைலில் இருப்பதில் பாதி யாரோ பதற்றத்தில் அரைகுறையாக நினைவுபடுத்தியது, விடையும் அவர் போட்டது. அதில் கழிக்கும் வாரங்களைக் குதிரை வயிற்றுவலிக்கும் அல்பாகாவுக்கும் கொடுங்கள், நம் பாடத்திட்டத்திலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் மதிப்பெண் விடுவது அங்கேதான்.